ஐஸ் பக்கெட்டும் ஒரு தமிழாசிரியரின் மறுப்பும்

2014 ஆகஸ்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கல்லூரியில் படிக்கும் தம் பேரனுடன் என் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாய் அழிந்துபோகும் ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பணு நோய் அவருக்கு உறுதியாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வலது கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போயிருந்தது. முன்கையில், தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தசை ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான்களைப் பேரன்தான் போட்டுவிட்டிருந்தான். உலகமே தலையில் பனிநீரைக் கவிழ்த்துக்கொண்டு இந்த நோய்க்காக நிதி திரட்டிய ஐஸ் பக்கெட் சேலஞ்சில் "எங்க தாத்தாவுக்காக" என்று சொல்லிக் கலந்துகொள்ள அவன் ஆசைப்பட்டான். தாத்தா சம்மதிக்கவில்லை.

"டாக்டர், அந்தப் பணம் கருவைச் சிதைத்துச் செய்கிற ஆராய்ச்சிக்குப் போகிறதாமே? என் பெயரைச் சொல்லி அது நடக்க வேண்டாம்" என்றார், ஏற்கெனவே தடிக்கத் தொடங்கியிருந்த குரலில்.

அவர் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்லும் கத்தோலிக்கர். நோயாளியே தம் நோய்க்கான நிதியை மறுக்கிறாரே என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அன்றிரவு உட்கார்ந்து படித்துப் பார்த்த பிறகுதான், அவர் கேட்ட கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை என்பது உறைத்தது.

அமெரிக்காவின் சின்சினாட்டி உயர்மறைமாவட்டம் அதே மாதத்தில் தன் பள்ளிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியிருந்தது. மாணவர்கள் தண்ணீரை ஊற்றிக்கொள்வதில் அதற்கு ஆட்சேபமில்லை. திரட்டும் பணம் மட்டும், இந்தச் சேலஞ்சின் நன்கொடைகளைப் பெற்றுவந்த அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்குப் போகாமல், கருமுளையை, அதாவது தொடக்கநிலைக் கருவைப் பயன்படுத்தாத ஆராய்ச்சி செய்யும் அயோவா மாநில நிறுவனம் ஒன்றுக்குப் போகட்டும் என்றது. சங்கமும் ஒளிக்காமல் பதில் சொன்னது: தாங்கள் நிதியளிப்பவற்றில் ஓர் ஆய்வு மட்டுமே கருமுளை ஸ்டெம் செல்லைப் பயன்படுத்துகிறது, அதற்கான பணமும் ஒரு தனி நன்கொடையாளருடையது, தம் பணம் அவ்வாய்வுக்குப் போகக்கூடாது என்று எவரும் நிபந்தனை விதிக்கலாம். மறுத்தவர்களை நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் என்று ஏசியவர்களில் எத்தனை பேருக்கு இந்த நிபந்தனை உரிமை தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்; அது என்றாலே கரு என்று நினைப்பது பிழை என்பதையும் பெரியவருக்கு விளக்கினேன். எலும்பு மஜ்ஜையிலும் அவை இருக்கின்றன. வளர்ந்த மனிதரின் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்கும் முறையை ஜப்பானின் யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் நிகழ்த்திக் காட்டி, 2012இல் நோபல் பரிசும் பெற்றார். ஒரு ஏ.எல்.எஸ். நோயாளியின் தோலிலிருந்து இயக்க நரம்பணுக்களை வளர்த்தெடுக்க 2008லேயே முடிந்துவிட்டது. கருவும் உயிரே என்ற அவருடைய நம்பிக்கையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கையோடு ஒருவர் இந்த நிதிக்கு முழு மனத்துடன் பங்களிக்கத்தான் இடமிருந்தது. அதை எடுத்துச் சொல்வார்தான் இல்லை.

விலங்குச் சோதனையைக் காட்டி நடிகை பமீலா ஆண்டர்சன் மறுத்தது இன்னொரு வகை. இந்நோய் ஆராய்ச்சியில் பெரிதும் பயன்படும் எலிவகை, 1993இல் கண்டறியப்பட்ட எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுக் கோளாற்றைப் புகுத்தி உருவாக்கப்பட்டது. அக்கோளாறு நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் உண்டு. எலியில் பலித்த மருந்துகள் பல மனிதரிடம் பலிக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு பேருக்கான டோஃபர்சன் மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே அந்த மரபணு ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் என்பதால், இந்த ஆட்சேபத்தை என்னால் முழுதாக ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. தண்ணீர் வீணாகிறது என்ற முறையீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் வறட்சியில் அது நியாயமாகவே ஒலித்தது.

என் சொந்த ஆட்சேபம் பின்னாளில்தான் உருவானது. அந்தக் கோடையில் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் சேர்ந்தது, அதில் 7.7 கோடியை ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார்கள். இந்நோயில் நெக்1 என்ற மரபணுவுக்கு உள்ள தொடர்பு 2016இல் தெரியவந்ததில் இந்தப் பணத்துக்கும் பங்குண்டு. அதே நிதியிலிருந்து ஒரு மருந்து நிறுவனத்துக்கு 22 லட்சம் டாலர் தரப்பட்டது. அந்நிறுவனத்தின் ரெலிவ்ரியோ என்ற மருந்து, நோயாளிகளும் சங்கமும் தொடர்ந்து வற்புறுத்திய நிலையில், 2022இல் அனுமதி பெற்று, ஆண்டுக்குச் சுமார் 1,58,000 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. பெரிய ஆய்வில் பயனில்லை என்று தெரிந்ததும் 2024இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆய்வு தோற்பதில் குற்றமில்லை. ஆனால் ஒரு மருந்துக்குப் பணம் போட்ட அமைப்பே அதன் அனுமதிக்கும் குரல் கொடுப்பது எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்டெம் செல் என்ற சொல் இப்படிப் பரவியதும், அதை ஊசியாகப் போட்டால் கை எழும்புமா என்று கேட்டு வருபவர்கள் பெருகினார்கள். நிலத்தை விற்று எங்கோ போட்டுக்கொண்டு, முன்பைவிடத் தளர்ந்து என்னிடம் திரும்பியவரும் உண்டு. நம் நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தவிர மற்றவை முறையான மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். அந்த ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. இயக்க நரம்பணு நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி என்று விலை சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த மாதம் பெரியவர் சக்கர நாற்காலியில் வந்தார். பேரன் தண்ணீர் ஊற்றிக்கொள்ளவில்லை. நண்பர்களிடம் திரட்டிய பணத்தை ஒரு கவரில் போட்டு என் மேசையில் வைத்தான். எங்கள் பிரிவில் உமிழ்நீரைக்கூட விழுங்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த இன்னொரு நோயாளியைப் பற்றி முந்தைய முறை அவர்களிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். கவரின் மேல், பழக்கமில்லாத இடக்கையால், எழுத்துகள் மேலும் கீழுமாக ஓட, பெரியவர் எழுதியிருந்தார்: "சளி உறிஞ்சும் கருவிக்கு மட்டும்."