முதல், மூன்றாம் சனிக்கிழமைகளும் ஒரு துபாய் விமானமும்

கடந்த ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு விவாகரத்துக்குப் பின் மகளைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் என் கட்சிக்காரர் ஒருவர், அவருடைய வழக்கறிஞரான என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், அவர் கேட்டில் வந்து நிற்கிறார். ஆர்டரில் சனிக்கிழமை என்றுதான் இருக்கிறது. இன்று பாப்பாவை அனுப்பினால் கோர்ட் உத்தரவை மீறியதாக ஆகிவிடுமா?" என்று கேட்டார். அவர் குரலில் வன்மம் இல்லை, பயம்தான் இருந்தது. குழந்தையின் தந்தை அந்த ஆண்டு ஜனவரியில் துபாய்க்கு வேலைக்குப் போனவர். மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் அவர் மகளைச் சந்திக்கலாம் என்பது நீதிமன்ற உத்தரவு. முதல் சனிக்கிழமை காலையில் வந்து இறங்க வேண்டிய விமானம் தாமதமாகி அன்று இரவுதான் சென்னை வந்திருந்தது. மூன்றாம் சனிக்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவர் திரும்ப வேண்டும். ஆக, ஊரில் இருந்த 12 நாட்களில், உத்தரவின் எழுத்துப்படி, அவருக்குத் தன் மகளைப் பார்க்க ஒரு மணி நேரம்கூட இல்லை.

என் கட்சிக்காரரின் தகப்பனார் உத்தரவின் நகலை லேமினேட் செய்து வைத்திருந்தார். காவலாளியின் மேசையில் அதை வைத்து, "முதல் மற்றும் மூன்றாம் சனிக்கிழமை, காலை 10 முதல் மாலை 5 வரை" என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார். அதே மேசையில் தந்தை கொண்டுவந்த பை இருந்தது. அதற்குள் சிறுமிக்கு வாங்கிய ஷூ, போன வருட அளவில்.

அந்த ஆண்டில் எனக்கு இப்படி வந்த நான்காவது அழைப்பு இது. அதில் கூடுதலான உறுத்தல் என்னவென்றால், மூன்று ஆண்டுகளுக்கு முன் பரஸ்பரச் சம்மத விவாகரத்தின்போது அந்தச் சனிக்கிழமை வரியை எழுதியது நான்தான். அப்போது இருவரும் சென்னையிலேயே, எட்டு கிலோமீட்டர் இடைவெளியில் வசித்தார்கள். 'இருவரில் ஒருவர் ஊர் மாறினால்' என்று ஒரு பத்தி சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது நான் தயாரிக்கும் எந்த ஒப்பந்தமும் அந்தப் பத்தி இல்லாமல் வெளியே போவதில்லை.

என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். குழந்தை யார் பொறுப்பில் வளரும் என்று சொல்லும் கஸ்டடி உத்தரவைக் கிரயப் பத்திரம் போல நினைக்கிறார்கள். ஒருமுறை பதிவாகிவிட்டால் அப்படியே நிற்கும், அதில் எழுதியிருப்பது எனக்குச் சொந்தம், எழுதாதது அவருக்கு இல்லை என்பது அந்த எண்ணம். படித்தவர்கள், படிக்காதவர்கள் என்ற வேறுபாடு இதில் கிடையாது. வழக்கறிஞர்களே சிலர் இப்படித்தான் பேசுகிறார்கள். குழந்தை வளரும், பள்ளி மாறும், பெற்றோரின் வேலை மாறும் என்பதற்காகவே இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு, விவாகரத்துத் தீர்ப்புக்குப் பிறகும் குழந்தை தொடர்பான உத்தரவை மாற்றவும் நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 2010-ல் விக்ரம் வீர் வோரா எதிர் ஷாலினி பல்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் முன் வந்த கேள்வியே இதுதான். பரஸ்பரச் சம்மதத்தில் விவாகரத்து முடிந்த பின் தாய் வேலைக்காக ஆஸ்திரேலியா செல்ல விரும்பினார். ஒப்புக்கொண்ட நிபந்தனையை இப்போது மாற்ற முடியாது என்றார் தந்தை. கஸ்டடி உத்தரவுகள் தன்மையிலேயே இடைக்காலமானவை, குழந்தையின் நலனுக்காக மாற்றத்தக்கவை என்று சொன்ன நீதிமன்றம், சிறுவனிடம் நேரில் பேசிப் பார்த்துவிட்டு, தாயுடன் செல்ல அனுமதித்தது. தந்தை மகனைச் சந்திப்பதற்கான ஏற்பாட்டையும் அதற்கேற்ப அமைத்தது. கிறிஸ்தவர், இஸ்லாமியர் வழக்குகளில் சட்டமும் பிரிவு எண்ணும் மாறுமே தவிர, குழந்தையின் நலனே முதன்மை என்பது மாறாது.

இதே நம்பிக்கையின் மறுபக்கமும் உண்டு. ஊரை விட்டுப் போனவர், போனதாலேயே உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைத்து ஒதுங்கிவிடுகிறார். எதிர்த்தரப்பு மனுவில் "பணத்துக்காகக் குழந்தையைக் கைவிட்டுச் சென்றவர்" என்று ஒரு வரி வந்தால் போதும், மனமுடைந்து அடுத்த வாய்தாவுக்கே வருவதில்லை. வேலைக்காக ஊர் மாறுவது கைவிடுதல் ஆகாது. மாறிய பின் எட்டு மாதம் அழைக்காமல் இருந்தால் அதை நீதிபதி கவனிப்பார். அந்த இடைவெளியை நியாயப்படுத்த எந்த வழக்கறிஞராலும் எளிதில் முடியாது.

அன்று காலை என் கட்சிக்காரருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். உத்தரவில் உள்ள நேரம், மறுக்கக்கூடாத நேரம். இருவரும் ஒப்புக்கொண்டு வேறு நாளில் பார்ப்பதோ கூடுதலாக வைத்துக்கொள்வதோ மீறல் ஆகாது. ஒரு வாட்ஸ்அப் செய்தியில் நாளையும் நேரத்தையும் இருவரும் எழுதி உறுதிசெய்துகொண்டால் பின்னால் தகராறு வராது. பாதுகாப்புக் காரணங்களுக்காகக் குறிப்பிட்ட இடத்தில், மூன்றாம் நபர் முன்னிலையில்தான் சந்திப்பு என்று நீதிமன்றம் சொல்லியிருக்கும் வழக்குகள் மட்டும் வேறு. அவற்றில் நீங்களாக எதையும் தளர்த்தாதீர்கள். அவர் அன்று மகளை அனுப்பிவைத்தார். திங்கட்கிழமை இருவரையும் என் அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். தந்தை தன் வழக்கறிஞரோடு வந்தார்.

குழந்தையைத் தன்னிடம் வைத்திருப்பவர் ஊர் மாறும்போது நடப்பது இதைவிட மோசம். "கஸ்டடி என்னிடம்தானே இருக்கிறது, பெங்களூருக்குப் போக யாரைக் கேட்க வேண்டும்?" என்று டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீதிமன்றத்தால் பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர், அனுமதி பெறாமல் குழந்தையை அந்த நீதிமன்ற எல்லைக்கு வெளியே கொண்டுசெல்லக்கூடாது என்று 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர்கள் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் 26-வது பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாத வழக்கிலும், சந்திப்பு உத்தரவு நடப்பில் இருக்கும்போது சொல்லாமல் போனால், அந்த உத்தரவை நடைமுறையில் கொன்றவர் நீங்கள்தான் என்று ஆகிவிடும். புது ஊரில் வாடகை ஒப்பந்தம் போட்ட மறுவாரமே அங்கே மனுத் தாக்கல் செய்யலாம் என்றும் எண்ண வேண்டாம். குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறது என்பதை வைத்துத்தான் அதிகார எல்லை முடிவாகும். ஒரே இரவில் மூட்டை கட்டியதால் அது மாறிவிடாது.

காணொளி அழைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் வெவ்வேறு மாநிலங்களிலோ நாடுகளிலோ வாழும்போது சந்திப்பு உரிமையோடு தொடர்பு உரிமையும் முக்கியம் என்றும், கஸ்டடி இல்லாத பெற்றோருக்கு நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையோடு பேசும் உரிமை வேண்டும் என்றும் கூறியது. இதைப் பெரும்பாலான உத்தரவுகளில் இப்போது கேட்டுப் பெறுகிறோம். பெற்ற பிறகு நடப்பதுதான் வேதனை. ஏழு வயதுக் குழந்தையிடம் "சாப்பிட்டாயா? என்ன சாப்பிட்டாய்? அப்பாவைத் தேடுகிறாயா?" என்று மூன்று கேள்வி கேட்டு முடித்ததும் பேச்சு தீர்ந்துவிடுகிறது, குழந்தை பொம்மைப் பக்கம் திரும்பினால், எதிர்த்தரப்பு மனதைக் கெடுத்துவிட்டதாக எனக்கு அழைப்பு வருகிறது. குழந்தைகள் பெரியவர்களைப் போல் தொலைபேசியில் உரையாட மாட்டார்கள், ஐயா. ஒரு கதைப் புத்தகத்தின் இரண்டு பிரதிகளை வாங்கி ஒன்றை இங்கே அனுப்பிவிட்டு நாளுக்கு இரண்டு பக்கம் சேர்ந்து படியுங்கள். அல்லது வீட்டுப்பாடம் எழுதும்போது வெறுமனே திரையில் உட்கார்ந்திருங்கள். இங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: திரைக்குப் பின்னால் நின்று பாட்டி பதில் சொல்லிக்கொடுப்பதை மறுமுனையில் இருப்பவர் கேட்கிறார். தயவுசெய்து அந்தப் பத்து நிமிடம் அடுத்த அறையில் இருங்கள்.

நேரத்தைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். 'மாலை 7 மணி' என்றால் எந்த ஊர் மாலை? துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் பெரிய சிக்கல் இல்லை. கலிபோர்னியாவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள். அங்கே வெள்ளி மாலை ஐந்தரை ஆகும்போது இங்கே சனி காலை 7 மணி, கோடைக்காலத்தில் அதே 7 மணிக்கு அங்கே ஆறரை. ஒரு மணி நேரம் பிசகியதற்காக நீதிமன்ற அவமதிப்பு மனுப் போடலாமா என்று கேட்டவரை நான் அறிவேன்.

இன்னொன்று. ஒவ்வொரு அழைப்பையும் பதிவுசெய்து பென் டிரைவில் கொண்டுவராதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். நான் கேட்ட பதிவுகளில் பெரும்பாலானவற்றில், பதிவாவது தெரிந்து குழந்தை குரலைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறது.

தொலைவு கூடும்போது வாராந்திரச் சந்திப்புக்குப் பதிலாக விடுமுறையைத் தொகுப்பாகக் கேட்க வேண்டும்: கோடை விடுமுறையில் பாதி, காலாண்டு அல்லது அரையாண்டு விடுமுறையில் ஒன்று, பொங்கலும் தீபாவளியும் ஆண்டு மாற்றி ஆண்டு. 'நியாயமான அளவு' என்று எழுதினால் அது சண்டைக்கு விடும் அழைப்பு. தேதி, நேரம், ஒப்படைக்கும் இடம், டிக்கெட் செலவு யாருடையது, குழந்தையோடு பயணம் செய்பவர் யார் என்பதெல்லாம் உத்தரவில் வர வேண்டும். ஜீவனாம்சம் பாக்கி என்பதற்காகச் சந்திப்பை மறுப்பதும், பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் இரண்டும் தவறு. இதை நூறாவது முறையாகச் சொல்கிறேன்.

வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டிலேயே தொடங்குங்கள். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் சேர்ந்து தரும் உறுதிமொழி வழக்கமாக அனெக்சர் டி என்ற படிவம். ஒருவரின் சம்மதம் கிடைக்காதபோது அனெக்சர் சி, அல்லது நீதிமன்ற அனுமதி. குழந்தை திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் கற்பனையானதல்ல. நாடு விட்டு நாடு கடத்தப்பட்ட குழந்தையைத் திருப்பி அனுப்ப வழிசெய்யும் 1980-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. குழந்தை போகும் நாட்டின் நீதிமன்றத்திலும் நம் உத்தரவுக்கு இணையான 'மிரர் ஆர்டர்' பெற வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதும் முழுக் காப்பாகிவிடாது: 2020-ல் கென்யாவில் வாழும் தந்தையிடம் மகனை ஒப்படைக்க அப்படித்தான் அனுமதித்த உச்ச நீதிமன்றம், மோசடி நடந்ததாகக் கண்டு 2021-ல் அந்த உத்தரவைத் திரும்பப் பெற நேர்ந்தது. எனவே திரும்பும் டிக்கெட், பிணைத்தொகை, முகவரி, பள்ளி விவரம் ஆகியவற்றைக் கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சனிக்கிழமை வரி இப்போது மாறிவிட்டது. இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவில் அன்றாட அழைப்பு, மே மாதத்தில் மூன்று வாரம், தந்தை ஊருக்கு வரும்போதெல்லாம் பத்து நாள் முன்னறிவிப்போடு சந்திப்பு என்று எழுதினோம். ஷூ அளவை அவ்வப்போது அனுப்புவதாகத் தாயே சொன்னார். அதை மெமோவில் சேர்க்க வேண்டாம் என்று நான்தான் நிறுத்தினேன்.

அடுத்த கல்வியாண்டில் ஊர் மாறப் போகிறவர்கள் விசா வந்த பிறகு என்னிடம் வராதீர்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து, பதில் மனு வந்து, கவுன்சிலிங் முடிந்து விசாரணைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வேலைக்கான கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே பழைய உத்தரவின் நகல், பள்ளியின் ஆண்டு நாட்காட்டி, குழந்தையின் ஒரு வார நடைமுறையை எழுதிய ஒரு தாள் ஆகியவற்றோடு வாருங்கள். நகலை லேமினேட் செய்திருந்தால் பரவாயில்லை, கொண்டுவாருங்கள்.