குதிநாணுக்குக் கைகொடுக்கும் பெருவிரல்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணை, நாலு மாதத்துக்கு முன் கரப்பந்தாட்டத்தில் எழும்பிக் குதிக்கும்போது யாரோ பின்னாலிருந்து குதிக்காலில் உதைத்த மாதிரி இருந்தது. திரும்பினால் ஒருவருமில்லை. எண்ணெய் போட்டுக் கட்டி வீக்கம் வற்றிவிட்டது. நடக்கிறேன், ஆனால் அந்தக் காலில் மட்டும் நுனிவிரலில் எழும்ப முடியவில்லை. இனிச் சத்திரசிகிச்சை செய்து பலனுண்டா?"

பலனுண்டு, தம்பி. ஆளில்லாத அந்த உதைதான் குதிநாண் அறுவதன் அச்சொட்டான அடையாளம். (முனி அடித்தது என்று நூல் கட்டப் போகிறவர்களும் நம் பக்கம் உண்டு. கட்டுங்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கட்டுங்கள்.)

கெண்டைக்கால் தசைகளைக் குதி எலும்போடு இணைக்கும் இந்த நாண்தான் உடம்பிலேயே தடித்தது. அது அறுந்தாலும் கணுக்காலைச் சுற்றியுள்ள வேறு தசைகள் ஓரளவு ஈடுகொடுப்பதால் நடக்க முடிகிறது. சுளுக்கு என்று விட்டுவிடுவதும் அதனால்தான். 4 முதல் 6 கிழமை கடந்தால் அது நாட்பட்ட கிழிவு. அதற்குள் கெண்டைத்தசை மேலே சுருங்கி, இடைவெளியைத் தழும்பு நிரப்பிவிடும். நாண் ஒட்டினது போலத் தெரிந்தாலும் நீண்டுபோயிருக்கும்: பிறேக் வயர் தளர்ந்த சைக்கிளில் எவ்வளவு அமத்தினாலும் சில்லு நிற்காதல்லவா, அந்தக் கதைதான்.

கட்டிலில் வைத்தே இதைப் பார்க்கலாம். குப்புறப் படுத்து இரு முழங்கால்களையும் 90 பாகைக்கு மடக்க வேண்டும். நல்ல காலின் விரல்கள் கொஞ்சம் கூரைப் பக்கம் நிமிர்ந்திருக்கும். அறுந்த காலில் பாதம் தட்டையாகக் கிடக்கும், அல்லது விரல்கள் கீழே சரியும்.

சத்திரசிகிச்சையில் தழும்பை வெட்டியெடுத்து இடைவெளியை அளப்பார்கள். 2 சென்ரிமீற்றருக்குள் என்றால் முனைகளைச் சேர்த்தே தைக்கலாம். அதற்கு மேல் 5 வரை என்றால், தசை நாணாக மாறும் இடத்தில் ஆங்கில 'வி' போல வெட்டிக் கீழே இழுத்து, 'வை' போலத் தைப்பது ஒரு வழி.

5-ஐத் தாண்டினால்தான் எனக்குப் பிடித்த வித்தை வருகிறது. பெருவிரலை மடக்கும் நீண்ட தசை குதிநாணுக்கு முன்னாலேயே ஆழத்தில் ஓடுகிறது. அதே வெட்டுக்குள்ளாலேயே அதன் நாணை எடுத்து, குதி எலும்பில் துளையிட்டு உள்ளே இழுத்து, மற்றக் காலின் ஓய்வு நிலையோடு ஒப்பிட்டு இழுவிசையைச் சரிபார்த்துத் திருகாணியால் இறுக்குவார்கள். ஏன் இந்தத் தசை? இதன் சதைப்பகுதி கணுக்கால் வரை இறங்கி நிற்பதால், இரத்தவோட்டம் குறைந்த கிழிவிடத்துக்குப் பக்கத்திலேயே இரத்தம் நிறைந்த தசையொன்று வந்து படுக்கிறது. இழுக்கும் திசையும் கிட்டத்தட்ட ஒன்று. அதைவிட அழகு, நேரம். நடக்கையில் குதி நிலத்தைவிட்டு எழும் கட்டத்தில் கெண்டைத்தசை வேலை செய்யும்போது இதுவும் வேலை செய்கிறது. மூளைக்குப் புதுப்பாடம் தேவையில்லை! பெருவிரல் நுனியின் வலு குறையும். அன்றாட நடையில் பெரும்பாலும் தெரியாது, வேகமாக ஓடுபவருக்குத் தெரியலாம்.

அப்புறம் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து மாக்கட்டு, படிப்படியாக நேராக்கல், மாதக்கணக்கில் பயிற்சி. பெரிய கருவிக்குத் திறப்புவிழா வைக்கும் காசில் கொஞ்சத்தை வன்னி ஆஸ்பத்திரிகளின் இயன்மருத்துவர்களுக்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி. தையலுக்குப் பிறகு காலை நடக்க வைப்பவர்கள் அவர்கள்தான்.

அந்த இடத்துத் தோல் மெல்லியது, காயம் ஆறாமல் இழுக்கலாம். சீனி வருத்தமோ புகைக்கும் பழக்கமோ இருந்தால் மறைக்காமல் முதலே சொல்லிவிடுங்கள்.