புதிய டொமைன் பின்னொட்டுகளும் டிரேட்மார்க் பாதுகாப்பும்: என்ன கிடைக்கும், எது கிடைக்காது

இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் காம், நெட், ஆர்க் போன்ற பொதுப் பின்னொட்டுகள் வெகுகாலம் கொஞ்சம்தான் இருந்தன. நாடுகளுக்கு உரியவற்றை விட்டுவிட்டால் 2011-இல் மொத்தமே 22. அந்த ஆண்டு ஜூன் 20 அன்று, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் இயக்குநர் குழு சிங்கப்பூரில் கூடி, தகுதியும் பணமும் உள்ள எந்த நிறுவனமும் புதிய பின்னொட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவெடுத்தது. விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். 2012-இல் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. 2013 அக்டோபரில் முதல் புதிய பின்னொட்டுகள் இணையத்தில் சேர்ந்தன. போகப் போக அவற்றின் எண்ணிக்கை 1,200-ஐத் தாண்டியது.

டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) வைத்திருப்பவருக்கு இதில் என்ன கவலை? முன்பு பத்து இருபது இடங்களில் தன் பெயரை யாராவது பிடித்துவைத்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். இப்போது ஆயிரம் இடங்களில் பார்க்க வேண்டும். அத்தனையிலும் முன்கூட்டியே பதிவு செய்யப் பணம் செலவழிக்க முடியாது. செய்யாமல் விட்டால் யாரோ ஒருவர் அதே பெயரில் போலிக் கடை திறந்துவிடலாம். அமெரிக்க விளம்பரதாரர் சங்கம் 2011-இல் இதை எதிர்த்துக் கூட்டணி அமைத்தது. அந்த டிசம்பரில் செனட் குழு முன்னால் விசாரணையும் நடந்தது. இந்தக் கவலை ஐகானுக்குப் புதிதில்லை. 2009-லேயே டிரேட்மார்க் தரப்பினரைக் கொண்ட ஒரு குழுவிடம் பரிந்துரை கேட்டிருந்தது. இன்று இருக்கும் ஏற்பாடுகள் அங்கிருந்து கிளம்பி, பலமுறை வெட்டப்பட்டு, திருத்தப்பட்டு வந்தவை.

வெட்டப்பட்டதில் முக்கியமானது ஒன்று உண்டு. உலகப் புகழ்பெற்ற பெயர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு, அவற்றை எந்தப் பின்னொட்டிலும் வேறு யாரும் பதிய முடியாதபடி தடுக்கலாம் என்று அந்தக் குழு சொன்னது. ஐகான் அதை ஏற்கவில்லை. ஏற்காதது சரிதான் என்பது என் கருத்து. டிரேட்மார்க் சட்டம் ஒரு சொல்லை யாருக்கும் முழுசாக எழுதிக்கொடுப்பதில்லை. பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்து, இந்த நாட்டில், இந்த வகுப்பில் இது உன்னுடையது என்றுதான் சொல்கிறது. ஒரே பெயரில் ஒருவர் விமானம் ஓட்டலாம், இன்னொருவர் குழாய் விற்கலாம். இருவர் உரிமையும் செல்லும். ஆனால் ஒரு பின்னொட்டின் கீழ் ஒரு பெயர் ஒருவருக்குத்தான் கிடைக்கும். சட்டத்தில் பங்குபோட முடிந்த பெயரை இணையத்தில் பங்குபோட முடியாது. இந்த விவாதத்தின் சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

சரி, தடைப் பட்டியலுக்குப் பதிலாக என்ன வந்தது? டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ் என்ற மையப் பதிவேடு. 2013-இல் தொடங்கியது. பதிவான சொல் வடிவச் சின்னங்கள், நீதிமன்றம் உறுதிசெய்தவை, சட்டமோ ஒப்பந்தமோ பாதுகாக்கும் பெயர்கள் ஆகியவற்றை இதில் சேர்க்கலாம். விண்ணப்ப நிலையில் இருக்கும் சின்னத்தைச் சேர்க்க முடியாது. எழுத்தே இல்லாத வெறும் லோகோவுக்கும் இடமில்லை. அடிப்படைக் கட்டணம் ஒரு சின்னத்துக்கு ஆண்டுக்கு 150 டாலர் என்று தொடங்கியது. இதில் சேர்ந்துவிட்டால் புதிய உரிமை ஏதோ கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. இங்கே நடப்பது சரிபார்ப்பு மட்டும்: நீங்கள் சொல்லும் சின்னம் உங்களுடையதுதான் என்று ஒருமுறை நிரூபித்தால், ஒவ்வொரு புதிய பின்னொட்டிலும் மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை.

இதன் பயன் இரண்டு இடங்களில் தெரியும். பின்னொட்டு ஒன்று பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்னால், பதிவேட்டில் உள்ளவர்களுக்குக் குறைந்தது 30 நாள் முன்னுரிமை தர வேண்டும். இதற்கு சன்ரைஸ் காலம் என்று பெயர். சின்னம் உண்மையில் பயன்பாட்டில் இருப்பதற்கான சான்றையும் கொடுத்திருந்தால்தான் இந்த வரிசையில் நிற்க முடியும். பதிவுக் கட்டணம் தனி, விலையை அந்தப் பின்னொட்டின் நிறுவனமே வைத்துக்கொள்ளும். அடுத்தது எச்சரிக்கை அறிவிப்பு. பொதுப் பதிவு தொடங்கியதிலிருந்து குறைந்தது 90 நாளுக்கு, பதிவேட்டில் உள்ள பெயரை யாராவது பதியப் போனால் ‘இந்தப் பெயரில் ஒரு டிரேட்மார்க் இருக்கிறது’ என்று அவருக்குத் திரையில் காட்ட வேண்டும். படித்துவிட்டு அவர் தொடரலாம், தடை கிடையாது. தொடர்ந்தால் சின்னத்தின் உரிமையாளருக்குத் தகவல் போகும்.

இரண்டுமே எழுத்துக்கு எழுத்து பொருந்தும் பெயர்களுக்குத்தான். ஓர் எழுத்தை மாற்றிப்போட்டாலோ, பெயரோடு ‘ஷாப்’ என்று ஒட்டினாலோ பிடிபடாது. மோசடிக்காரர்கள் விரும்புவதும் இந்த ஒட்டுவேலையைத்தான். உரிமையாளர்கள் சண்டை போட்டதில் ஒரு சிறு சலுகை கிடைத்தது: முந்தைய வழக்கில் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக முடிவான பெயர் வடிவங்களை, ஒரு சின்னத்துக்கு 50 வரை பதிவேட்டில் கூடுதலாகச் சேர்க்கலாம். ஆனால் அவற்றுக்கு எச்சரிக்கை மட்டும்தான், முன்னுரிமை கிடையாது.

எதிர்த்தரப்பின், அதாவது பெயர் பதிய வருபவர்கள் பக்கத்தின் குறை இதற்கு நேர்மாறானது. பதிவேட்டில் எந்தெந்தச் சொற்கள் இருக்கின்றன என்பது பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கவில்லை. அதே சமயம் ஹோட்டல், லவ், கிளவுட், ஒன் போன்ற சாதாரண ஆங்கிலச் சொற்களும் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு வகுப்பில் பதிவான சின்னங்களாக உள்ளே இருக்கின்றன. காதலைப் பற்றி எழுத ஒருவர் முகவரி வாங்கப் போனால் அவர் முன்னால் சட்ட எச்சரிக்கை வந்து நிற்கும். ஐகானுக்காக அனாலிசிஸ் குரூப் நிறுவனம் செய்த ஆய்வில், எச்சரிக்கை வந்த பதிவு முயற்சிகளில் சுமார் 94 சதவீதம் பாதியில் கைவிடப்பட்டதாகத் தெரிந்தது. மோசடிக்காரர் பயந்து ஓடினாரா, அப்பாவி பயந்து ஓடினாரா என்று அந்த எண் சொல்லாது. பதியும் எண்ணமே இல்லாமல் சும்மா சோதித்துப் பார்த்த முயற்சிகளும் அதில் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். ஆனாலும் இரு தரப்பும் அதே எண்ணைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள்.

முன்னுரிமைக் காலம் வியாபாரமாக மாறிய கதையும் உண்டு. 2015-இல் டாட் சக்ஸ் (‘படுமோசம்’ என்று திட்டும் ஆங்கிலச் சொல்) என்ற பின்னொட்டு திறந்தபோது, தங்கள் பெயரை வசைக்குரிய முகவரியாகாமல் காப்பாற்ற விரும்பிய டிரேட்மார்க் உரிமையாளர்களிடம் ஆண்டுக்கு 2,499 டாலர் விலை வைக்கப்பட்டது. பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு மிரட்டிப் பணம் பறிக்க வழியாகிவிட்டது என்று உரிமையாளர்கள் கொதித்தார்கள். இது சட்டப்படி சரியா என்று ஐகானே அமெரிக்க, கனடிய அரசு அமைப்புகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டது. ஒரு நிறுவனத்தை விமர்சிக்க அதன் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்ற வாதமும் அப்போது எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது, விலையில்தான் இல்லை.

யாரோ ஏற்கெனவே பதிந்துவிட்டார் என்றால் வழக்குதான். பழைய வழி, 1999 முதல் உள்ள யூடிஆர்பி: நீதிமன்றத்துக்குப் போகாமல், நடுவர் முன்னால் டொமைன் தகராறைத் தீர்க்கும் ஐகானின் விதிமுறை. மூன்றையும் காட்ட வேண்டும்: பெயர் உங்கள் சின்னத்தோடு ஒன்றாகவோ குழப்பும்படியோ இருக்கிறது, பதிந்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து, அப்படியே பயன்படுத்தியும் வருகிறார். வென்றால் பெயர் உங்களுக்கு மாற்றப்படும் அல்லது ரத்தாகும். நஷ்டஈடு கிடையாது. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஐந்து பெயர்கள் வரை ஒரே நடுவர் பார்க்க 1,500 டாலர். அங்கே மட்டும் இப்போது ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் வருகின்றன.

புதிய பின்னொட்டுகளுக்காக யூஆர்எஸ் என்ற விரைவு வழியும் வந்தது. கட்டணம் சில நூறு டாலர்தான். ஆனால் நிரூபிக்க வேண்டிய அளவு கூடுதல்: சந்தேகத்துக்கு இடமில்லாத, பளிச்சென்று தெரியும் மோசடியாக இருக்க வேண்டும். வென்றாலும் பெயர் உங்கள் கைக்கு வராது. பதிவுக் காலம் முடியும் வரை முடக்கிவைப்பார்கள். அப்புறம் அதை வேறு யாராவது பதியலாம். போலித் தளத்தை இன்றே நிறுத்த வேண்டும் என்றால் இது போதும். பெயரே வேண்டுமென்றால் யூடிஆர்பிதான்.

பின்னொட்டே உங்கள் சின்னமாக இருந்தால் விவகாரம் இன்னும் பெரிது. பெயர் ஓர் ஊரையோ நிலப்பகுதியையோ நதியையோ குறித்தால் டிரேட்மார்க் மட்டும் போதாது. டாட் படகோனியா கேட்ட ஆடை நிறுவனம், அது தங்கள் நிலப்பகுதியின் பெயர் என்று அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்த்ததால் 2013-இல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. டாட் அமேசான் விண்ணப்பத்தைப் பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. 2012-இல் கேட்ட நிறுவனத்துக்கு அது 2020-இல்தான் கைக்கு வந்தது.

அடுத்த விண்ணப்பச் சுற்று 2026 ஏப்ரல் 30 அன்று தொடங்கும் என்று ஐகான் அறிவித்தது, கட்டணம் 2,27,000 டாலர். முன்னுரிமைக் காலமும் எச்சரிக்கை அறிவிப்பும் இந்தச் சுற்றிலும் கட்டாயம். சிறிய நிறுவனம் நடத்துபவர்கள் எல்லாப் பின்னொட்டிலும் பதிந்துவைக்க ஓட வேண்டியதில்லை. உங்கள் தொழிலைக் குறிக்கும் இரண்டு மூன்று பின்னொட்டுகள் போதும். மிச்சத்தைக் கண்காணித்துக்கொண்டிருந்து, யாராவது ஏமாற்றினால் வழக்குக்குப் போகலாம்.

பெயர் பதியும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு: எச்சரிக்கை வந்தால் பயந்து விட்டுவிடாமல் அதிலுள்ள வகுப்பையும் நாட்டையும் படியுங்கள். உங்கள் தொழில் வேறு என்றால் தொடரலாம். ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் பதிந்தீர்கள் என்பது பின்னால் வழக்கில் எடுத்துக்காட்டப்படலாம். அதனால் ஏன் அந்தப் பெயர் வேண்டும் என்பதற்கான ஆதாரங்களை எடுத்துவையுங்கள். யூஆர்எஸ் புகார் வந்தால் பதில் சொல்ல 14 நாள், யூடிஆர்பியில் 20 நாள். யூடிஆர்பியில் தோற்றாலும் பெயர் உடனே போய்விடாது. 10 வேலை நாளுக்குள் உரிய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அதற்கான ஆவணத்தைப் பதிவு நிறுவனத்திடம் கொடுத்தால், மாற்றம் நிறுத்திவைக்கப்படும்.