ஆலா நேராக வரும் நொடி

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் பின்பக்கம், தண்ணீர் இறங்கி வண்டல் தெரியும் கரையில் மாசி மாதக் காலையில் உட்கார்ந்தால், ஆற்று ஆலாக்கள் தலைக்கு மேலேயே வந்து போகும். மஞ்சள் அலகு, கறுப்புத் தொப்பி, கத்தரிக்கோல் மாதிரிப் பிளந்த வால். குறுக்கே பறக்கும் ஆலாவைப் படம் எடுப்பது பெரிய காரியமில்லை. பறவை எவ்வளவு வேகமாகப் போனாலும் நமக்கும் அதற்கும் உள்ள தூரம் அதிகம் மாறாது. நம்மை நோக்கி நேராக வருகிற ஆலாதான் கேமராவின் உண்மையான பரீட்சை.

போன வாரம் என்னோடு வந்த காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் அப்படி ஒரு ஆலாவை 20 படம் தொடர்ச்சியாக அடித்தார். பிறகு கேமராவின் பின்திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். "ணா, கண்ண விட்டுட்டு வால்ல போய் நின்னுடுச்சு பாருங்க." உண்மைதான். வால் இறகின் இழை இழையாகத் தெரிகிறது. கண் இருக்கவேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு கறுப்பு. அடுத்து அவர் கேட்டது, தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸ் வாங்கிய எல்லோரும் கேட்கும் கேள்வி: "வேற பாடி எடுத்தா சரியாயிடுமா?" பாடி என்றால் லென்ஸைக் கழற்றிய கேமரா.

பதில் சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 600 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 6.3 (இந்த எண் கூடக் கூடத் துளை குறுகும்), ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார், 20 மீட்டர் தூரத்தில் பறவை. இந்த நிலையில் படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர்தான். ஆற்று ஆலாவின் நீளமே 40 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். அதாவது நேராக வரும் பறவையின் அலகும் வாலும் ஒரே சமயத்தில் ஃபோகஸில் இருக்க வழியே இல்லை. அது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 28 சென்டிமீட்டரை நொடியில் 35-இல் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். நல்ல எஸ்எல்ஆரில்கூட (சென்சாருக்கு முன்னால் பிரதிபலிப்புக் கண்ணாடி நிற்கும் வகைக் கேமரா), பொத்தானை அமுக்கியதும் கண்ணாடி மேலே ஏறி ஷட்டர் திறப்பதற்குள் நொடியில் 20-இல் ஒரு பங்கு கரைந்துவிடும். அதற்குள் ஆலா அரை மீட்டர் முன்னே வந்திருக்கும்.

ஆகவே பறவை இப்போது எங்கே இருக்கிறது என்று அளந்தால் போதாது. ஷட்டர் திறக்கும்போது எங்கே இருக்கும் என்று கேமரா கணித்தாக வேண்டும். கிரிக்கெட்டில் உயரே எழுந்த பந்தைப் பிடிக்க ஓடுகிறவன், பந்து இருக்கும் இடத்துக்கு ஓடமாட்டான். விழப்போகும் இடத்துக்கு ஓடுவான். ஓடும்போது அவன் பந்தின் மீதிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தால்தான் கணிப்பு சரியாக இருக்கும். பாடி வாங்கும்போது கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்: இந்தக் கேமரா ஒரு நொடிக்கு எத்தனை முறை கண் திறந்து பார்க்கிறது?

பார்ப்பது என்றால் என்ன? ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலைக் கோட்டை மலைக்கு நேராக நீட்டுங்கள். இப்போது கண்ணை மாற்றிப் பாருங்கள். மலை நின்ற இடத்தில் நிற்கும், விரல் மட்டும் பக்கவாட்டில் தாவும். எவ்வளவு தாவுகிறது என்பதில் விரலின் தூரம் ஒளிந்திருக்கிறது. ஆட்டோஃபோகஸ் செய்வதும் இதையேதான். லென்ஸின் இடது ஓரம் வழியாக வரும் ஒளியை ஒரு கண்ணாகவும், வலது ஓரம் வழியாக வருவதை இன்னொரு கண்ணாகவும் கேமரா பிரித்து வைத்துக்கொள்கிறது. ஃபோகஸ் சரியாக இருந்தால் இரண்டு பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். இல்லையென்றால் விலகி நிற்கும். விலகிய திசையை வைத்து லென்ஸை முன்னே தள்ளுவதா பின்னே இழுப்பதா என்றும், விலகிய அளவை வைத்து எவ்வளவு என்றும் ஒரே அளவையில் தெரிந்துவிடும். இதற்குப் பெயர் ஃபேஸ் டிடெக்ஷன். முன்னும் பின்னும் தடவிப் பார்த்து, எங்கே தெளிவு கூடுகிறதோ அங்கே நிற்கும் பழைய முறை பூவுக்கும் பொம்மைக்கும் சரி, ஆலாவுக்கு ஆகாது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இரண்டு கண்களுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் அளவை துல்லியமாகும். துளை குறுகினால் அந்த இடைவெளியும் குறுகும். எஸ்எல்ஆர் கேமராக்களில் பல, எஃப் 5.6 அல்லது எஃப் 8-க்குமேல் துளை குறுகினால் ஃபோகஸ் செய்யாமல் கைவிரித்தது இதனால்தான். எஃப் 6.3 லென்ஸில், படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டர் என்ற துணை லென்ஸை மாட்டினால் துளை எஃப் 9 ஆகிவிடும். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் பாடிகள் இந்த வேலியைத் தாண்டிவிட்டன. எஃப் 11 என்ற ஒரே துளையோடு 600, 800 மி.மீ. லென்ஸ்களை கேனான் 2020-இல் விற்க முடிந்ததே அதனால்தான். ஆனாலும் அந்த லென்ஸ்களில் ஃபோகஸ் நடுப்பகுதிக்குள் மட்டும் அடங்கிப்போனது. டெலிகன்வர்ட்டர் வாங்கும் ஆசை இருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

1985-இல் மினோல்டா 7000 வந்ததிலிருந்து எஸ்எல்ஆர்களில் இந்த அளவையைச் செய்தது அடியில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு சின்ன சென்சார். கண்ணாடிதான் அதற்கு ஒளியை இறக்கிவிடும். படம் எடுக்கக் கண்ணாடி மேலே ஏறியதும் அதற்குக் கண் இருண்டுவிடும். நொடிக்கு 10 படம் எடுத்தால் 10 முறை குருடாகி 10 முறை கண் திறக்கிறது. நடுவில் கிடைக்கும் துளி நேரத்தில் அளந்து, கணித்து, லென்ஸை நகர்த்த வேண்டும். இவ்வளவு நெருக்கடியிலும் நன்றாக வேலை செய்த பாடிகள் உண்டு. 2016-இல் வந்த நிகான் டி500, 153 ஃபோகஸ் புள்ளிகளோடு, அதில் நெட்டும் கிடையுமாக இரண்டு திசையிலும் அளக்கும் 99 குறுக்கு வகைப் புள்ளிகளோடு, பறவைக்காரர்களின் கையில் இன்றும் இருக்கிறது. கையில் பழைய டெலி லென்ஸ் வைத்திருப்பவர்கள் பழைய பாடி என்று அதை ஒதுக்கவேண்டியதில்லை.

பிறகு அளக்கும் வேலை படம் எடுக்கும் சென்சாருக்கே வந்தது. 2013-இல் கேனான் 70டி, ஒவ்வொரு பிக்சலையும் இடது பாதி, வலது பாதி என்று இரண்டாகப் பிளந்தது. இனி ஏறி இறங்கக் கண்ணாடி வேண்டாம். ஆனால் புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. சென்சார் ஒரு பிம்பத்தை மேலிருந்து கீழாக, வரிவரியாகப் படிக்கிறது. சாதாரண சென்சாருக்கு முழுதாகப் படிக்க நொடியில் 15-இல் ஒரு பங்கு, 30-இல் ஒரு பங்கு என்று நேரம் ஆகிறது. படித்து முடித்தால்தான் அடுத்த அளவை.

இங்கேதான் அடுக்கு சென்சார் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. சென்சாருக்குப் பின்னாலேயே நினைவகச் சில்லை ஒட்டி, படிக்கும் வேகத்தைப் பல மடங்கு கூட்டினார்கள். 2017-இல் வந்த சோனி ஏ9 நொடிக்கு 60 முறை ஃபோகஸைக் கணக்கிட்டது. 2021-இல் வந்த ஏ1 120 முறை. நம் ஆலாவிடம் திரும்புவோம். 60-இல் ஒரு பங்கு நொடியில் அது 17 சென்டிமீட்டர் வரும். 120-இல் ஒரு பங்கில் 8 சென்டிமீட்டர். இரண்டுமே நம்முடைய 28-க்குள் அடங்குகின்றன. பறவை தெளிவின் எல்லையைத் தாண்டுவதற்குள் கேமரா ஒருமுறையாவது அதைப் பார்த்துவிடுகிறது. அதே 2021-இல் நிகான் இசட்9 இயந்திர ஷட்டரையே எடுத்துவிட்டது. அவ்வளவு வேகமாகச் சென்சாரைப் படிக்க முடிந்ததால் வந்த துணிச்சல் அது. மெதுவாகப் படிக்கும் சென்சாரில் மின்னணு ஷட்டரை வைத்து எடுத்தால், மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் இடையே இறக்கை நகர்ந்து, படத்தில் வில்லாக வளைந்து தெரியும்.

விளம்பரங்களில் இன்று முன்னால் நிற்பது "பறவையின் கண்ணைக் கண்டுபிடிக்கும்" வசதி. நல்ல வசதிதான், நானும் நம்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் அது படத்தின் சட்டத்துக்குள் கண் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற வேலை. கண் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளப்பது அதே பழைய இரட்டைக் கண் முறைதான். திரையில் பச்சைக் கட்டம் ஆலாவின் கண்ணில் ஒட்டிக்கொண்டே இருக்க, படங்கள் மட்டும் வரிசையாக மங்கலாக வருவதற்குக் காரணம் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி.

பாடி மட்டும் வேகமாக இருந்தால் போதாது. சொன்ன இடத்துக்கு லென்ஸ் போய்ச் சேர வேண்டும். 1987-இல் கேனான் ஈஓஎஸ் வந்தபோது மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தார்கள். மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது பாடியின் பேட்டரி. அளவில் பெரிய, தொழில்முறை பாடிகளின் பேட்டரி 10.8 வோல்ட், மற்றவற்றில் 7 வோல்ட்டை ஒட்டி. கனத்த கண்ணாடி வில்லைகளைத் தள்ளவேண்டிய லென்ஸ்களில் சில, பெரிய பாடியில் மாட்டினால் சுறுசுறுப்பாக ஓடுவது இந்த வோல்ட் வித்தியாசத்தால். வேறு நிறுவன லென்ஸ் போட்டால் சோனியின் வேக பாடிகள் நொடிக்கு 15 படத்தோடு நின்றுகொள்ளும். எனவே தாளில் இருக்கும் நொடிக்கு 20, 30 படம் என்ற எண் உங்கள் லென்ஸுக்கும் பொருந்துமா என்று முதலில் கேளுங்கள்.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவர் லென்ஸை வாங்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் இருக்கும், ஃபோகஸ் தேடும் தூரத்துக்கு எல்லை வைக்கும் லிமிட்டர் சுவிட்சு முழு வீச்சில் இருந்தது. ஆலா கட்டத்தை விட்டு நழுவும் ஒவ்வொரு முறையும் லென்ஸ் மிகக் கிட்டத்துத் தூரம் வரை போய்த் தேடிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. 10 மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடு என்று தள்ளி வைத்ததும், அடுத்த ஆலாவில் கண் தெளிவாக விழுந்த படங்கள் நாலைந்து கூடின. பிறகு ஒன்பதரை ஆகிவிட்டது. கரைப் பாறை சூடேறி, தண்ணீருக்கு மேலே காற்று நெளிய ஆரம்பித்தது. அந்த நெளிவுக்குள் எந்த விலை பாடியும் ஃபோகஸ் பிடிக்காது. பையைக் கட்டினோம்.

புது பாடி வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. கடைக்காரரிடம் பாடியைக் கேட்டு வாங்கி, உங்கள் லென்ஸையே மாட்டி, 44-ஆம் எண் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டோரம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். ஓசூரிலிருந்து வரும் பஸ்ஸை எதிர்கொண்டு, ஷட்டர் 2000-இல் ஒரு பங்கில், 30 படம் தொடர்ச்சியாக எடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் பஸ் 50 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது தெளிவின் ஆழம் ஒன்றே முக்கால் மீட்டர் இருக்கும். ஆலாவைவிட இது மிக லேசான பரீட்சை. திரையைப் பெரிதாக்கி நம்பர் பிளேட்டைப் பாருங்கள். "டிஎன் 29" என்ற எழுத்தின் ஓரம் எத்தனை படத்தில் அறுத்த மாதிரி நிற்கிறது என்று எண்ணுங்கள். 25-க்குக் குறைந்தால் நான் அந்த பாடியை வாங்கமாட்டேன்.