பொட்டாசியம் 5.9: உடம்பில் ஏறியதா, டியூபில் ஏறியதா?

ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.9 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. பக்கத்திலேயே 3.5 முதல் 5.0 வரை இருக்கலாம் என்ற குறிப்பு. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, சர்க்கரை இல்லை, பிரஷர் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை, உடம்பிலும் ஒரு தொந்தரவும் இல்லை. இப்படி ரிப்போர்ட் வந்தால் பலரும் முதலில் வாழைப்பழத்தை நிறுத்துகிறார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு வாழைப்பழத்தால் இந்த அளவு ஏறாது. ரத்தம் எடுத்த விதத்தையும் அது லேப் போய்ச் சேர்ந்த வழியையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள்ளேயே இருக்கிறது, அதிலும் பெரும்பகுதி தசைகளில். செல்லுக்குள் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல். வெளியே, ரத்தத்தின் திரவப் பகுதியில், 4 மட்டுமே. (சில லேப்கள் மில்லிஈக்விவலன்ட் என்று போடுவார்கள். பொட்டாசியத்துக்கு இரண்டிலும் எண் ஒன்றுதான்.) லேப் அளப்பது வெளியே இருக்கும் அந்தச் சொற்ப அளவை. உள்ளே இருப்பதில் துளி கசிந்தாலும் எண் தாவிவிடும்.

கசியாமல் காப்பது செல் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம். மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கௌ நண்டுக் கால் நரம்புகளை வைத்து ஆராய்ந்து 1957-ல் இதைப் பற்றி எழுதினார். 1997-ல் அதற்காக வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இந்த பம்ப் ஓட இடைவிடாமல் ஆற்றல் வேண்டும். டியூபுக்குள் போன பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸைச் செலவழித்து பம்பை ஓட்டிக்கொண்டிருக்கின்றன.

இனி ரத்தம் எடுக்கும் இடத்துக்கு வருவோம். மேல் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, "கையை மூடி மூடித் திறங்க" என்கிறார்கள். நரம்பு புடைத்துத் தெரிய இது உதவும்தான். ஆனால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து பொட்டாசியம் வெளியே வருகிறது. பட்டை கட்டியிருப்பதால் அது அந்த இடத்திலேயே தேங்குகிறது. இது ஒன்றாலேயே அளவு 1 மில்லிமோல் வரை, சிலருக்கு அதற்கு மேலும், கூடிவிடலாம். அப்புறம் சிரிஞ்சை வேகமாக இழுப்பது, மெல்லிய ஊசி வழியாக ரத்தத்தை டியூபுக்குள் அழுத்திப் பீய்ச்சுவது, டியூபைப் பலமாகக் குலுக்குவது. இவற்றில் சிவப்பணுக்கள் உடையும். நூற்றுக்கு ஒன்று உடைந்தாலே போதும், 4.5 என்பது 5-ஐத் தாண்டிவிடும். உடைந்தால் சீரம் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் திரவம்) இளஞ்சிவப்பாகத் தெரியும். லேபும் "ஹீமோலைஸ்டு சாம்பிள்" என்று ரிப்போர்ட்டின் அடியில் குறிப்பு போடும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நிறமே மாறாமலும் இது நடக்கும் என்பதுதான் சிக்கல். காலையில் ஊரில் இருக்கும் கலெக்‌ஷன் சென்டரில் எடுத்த ரத்தம் பைக்கில் ஏறி மதியம்தான் மெயின் லேபுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போகக் கூடாதே என்று ஐஸ் பேக்கோடு பெட்டியில் வைத்தால், குளிரில் பம்ப் தளர்ந்துவிடும். செல் உடையாது, சீரம் தெளிவாகவே இருக்கும், பொட்டாசியம் மட்டும் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். வெயிலில் வைத்தால் நேர்மாறு: பம்ப் வேகமாக ஓடி முதலில் பொட்டாசியம் குறையும், குளுக்கோஸ் தீர்ந்ததும் பம்ப் நின்று ஏற ஆரம்பிக்கும். எடுத்த இடத்திலேயே சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, செல்லையும் சீரத்தையும் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பிரிக்காத ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த பொட்டாசியம் அளவை நம்பக் கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி பரிசோதனைக்கான ஊதா மூடி டியூபில், ரத்தம் உறையாமல் இருக்க ஈடிடிஏ-வின் பொட்டாசிய உப்பைப் பூசியிருப்பார்கள். அந்தக் குழாயிலிருந்து யாராவது கொஞ்சம் ரத்தத்தை வேறு டியூபுக்கு மாற்றினால் முடிந்தது கதை. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், அதே ரிப்போர்ட்டில் கால்சியம் நம்ப முடியாத அளவுக்கு இறங்கியிருக்கும். ரத்தம் உறையும்போது தட்டணுக்களும் (பிளேட்லெட்) கொஞ்சம் பொட்டாசியத்தை விடும். தட்டணு எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு இது கணிசமாகவே இருக்கும். அவர்களுக்கு உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் டியூபில் எடுத்து, உறைய விடாமல், ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் பார்க்க வேண்டும்.

சரி, அப்படியானால் உயர்ந்த அளவு எல்லாமே பொய்யா? இல்லவே இல்லை. உண்மையான உயர்வு உயிருக்கே ஆபத்து. சாப்பாட்டில் வரும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான், ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனின் உத்தரவில். சிறுநீரகம் பழுதானாலும், அந்த உத்தரவு தடைபட்டாலும் பொட்டாசியம் தங்கிவிடும். ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர், இதய மாத்திரைகள், தொடர்ந்து போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள், கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எல்லாம் இந்த வழியில் ஏற்றக்கூடியவை. நீண்ட நாள் சர்க்கரை நோயும் அப்படித்தான். இப்படிப்பட்டவர்களுக்குச் சாப்பாடும் கணக்கில் வரும். ஒரு இளநீரில் ஏறத்தாழ அரை கிராம் பொட்டாசியம் இருக்கிறது. பிரஷருக்கு நல்லது என்று வாங்கும் சோடியம் குறைந்த உப்பில், குறைத்த சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர்.

இதயத்துக்கு ஏன் ஆபத்து? இதயத் தசை செல்லின் மின்னழுத்தம், உள்ளேயும் வெளியேயும் உள்ள பொட்டாசிய வித்தியாசத்தில் நிற்கிறது. வெளியே அளவு கூடக்கூட, துடிப்பைக் கடத்தும் சோடியம் வாசல்கள் செயலிழக்கும். ஈசிஜியில் முதலில் டி அலை கூராக உயரும், பிறகு பி அலை மங்கும், பிறகு மொத்த வரைபடமும் அகன்று போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். சில நேரம் ஈசிஜி சாதாரணமாக இருந்தே ஆபத்து வருவதும் உண்டு. அதனால் அளவு 6.5-ஐத் தொட்டிருந்தாலோ, தசை பலவீனமோ படபடப்போ இருந்தாலோ, சிறுநீரக நோயாளி என்றாலோ "டியூப் தப்பாக இருக்கும்" என்று வீட்டில் உட்காரக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே கால்சியம் குளுக்கோனேட் ஏற்றி இதயத்தைக் காப்பார்கள், இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவார்கள். தேவைப்பட்டால் டயாலிசிஸ்.

மற்றவர்களுக்கு வழி எளிது: தாமதிக்காமல் மறுபடி ஒருமுறை எடுக்க வேண்டும். முடிந்தால் லேபிலேயே நேரில் போய், கையை மூடித் திறக்காமல், பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விடாமல். கூடவே கிரியேட்டினினும் பார்க்கலாம். முதல் சாம்பிளில் செல்கள் உடைந்திருந்தால், 4.2 போன்ற நார்மலான எண்ணுக்கும் இதே மறுபரிசோதனை தேவைப்படலாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ, வாந்தி பேதியில் அவதிப்பட்டவருக்கோ உண்மையான பொட்டாசியம் 3-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடைந்த செல்களிலிருந்து வந்தது அந்தக் குறையை நிரப்பி, ரிப்போர்ட்டில் நார்மல் என்று காட்டிவிடும்.