"வீட்டுக்குப் போகணும்" என்று அம்மா கேட்கும்போது

சாயங்காலம் ஆனால் போதும், அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். "நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போகணும்." அவர் உட்கார்ந்திருப்பது முப்பது வருடமாகக் குடியிருக்கும் சொந்த வீட்டில். "இதுதாம்மா நம்ம வீடு" என்கிறாள் மகள். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே பேச்சு. நாலாவது தடவை இருவர் குரலும் உயர்ந்துவிடுகிறது. "இதுக்கு மாத்திரை ஒண்ணும் இல்லையா டாக்டர்?" என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

மறதி நோய்க்கு மாத்திரை இருக்கிறது. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும்.

மூளையில் ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருட்களில் ஒன்று அசிட்டைல்கோலின். கவனத்துக்கும் நினைவுக்கும் அது வேண்டும். மறதி நோய்களில் பரவலாகக் காணப்படும் அல்சைமர் நோயில் அதைச் சுரக்கும் அணுக்கள் அழிந்துகொண்டே வருகின்றன. சுரக்கிற கொஞ்சத்தையும் ஒரு நொதி உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமைன் என்ற மருந்துகள் மூன்றும் அந்த நொதியைத் தடுக்கின்றன. இருப்பது கூடுதல் நேரம் தங்கி வேலை பார்க்கிறது. அவ்வளவுதான். அழிந்த அணு திரும்பாது, அழிவும் நிற்காது. சிலருக்குப் பேச்சும் கவனமும் கொஞ்ச காலம் தெளியும். சிலரிடம் மாற்றமே தெரியாது. மெமன்டின் வேறு வழியில், குளுட்டமேட் என்ற பொருளின் மிகையான தூண்டலை மட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் 2023-இல் முழு அனுமதி பெற்ற லெகனெமாப், மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் மருந்து. அது ஆரம்ப நிலைக்கு மட்டும்தான். சரிவை ஓரளவு மெதுவாக்குகிறது, ஆனால் மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடும் என்பதால் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

அசிட்டைல்கோலின் மூளையில் மட்டும் இல்லை. குடலிலும் இதயத்திலும் சிறுநீர்ப்பையிலும் அதற்கு வேலை உண்டு. அதனால்தான் டோனெபெசிலை 5 மில்லிகிராமில் தொடங்கி, நாலு முதல் ஆறு வாரம் பொறுத்தே 10-க்கு உயர்த்துகிறார்கள். குமட்டலும் பேதியும் வரலாம், நாடித்துடிப்பு குறைந்து மயக்கமும் வரலாம். மயங்கி விழுந்தால் அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். டோனெபெசிலால் சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போகும். வேறொரு டாக்டர் அதற்கு ஆக்ஸிபியூட்டினின் எழுதிக் கொடுப்பார். அதுவோ அசிட்டைல்கோலினின் வேலையை மறிக்கும் மருந்து! ஒரு மாத்திரை கூட்டப் பார்ப்பதை இன்னொன்று தடுக்க, குழப்பம் அதிகமாகிறது. நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். சில சளி, அலர்ஜி, தூக்க மாத்திரைகளில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமினும் இதே வகைதான். ஆகவே டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

சரி, அந்தச் சாயங்காலத்துக்கு வருவோம். புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி இந்த நோயில் ஆரம்பத்திலேயே அடிபடுகிறது. மகள் சொன்ன பதில் அம்மாவிடம் தங்குவதில்லை. ஆனால் அவள் குரலில் இருந்த எரிச்சல் தங்குகிறது. அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டி நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. பார்த்தது மறந்துபோன பிறகும் அவர்களிடம் சோகம் நீடித்தது. உடலின் கடிகாரமாகிய மூளைப்பகுதியும் சிதைவதால் சாயங்காலத்தில் தடுமாற்றம் கூடுகிறது. பகல் முழுக்கச் சேர்ந்த களைப்பும் மங்கிய வெளிச்சமும் அதற்குத் துணைபோகின்றன. காலையில் வெயில் படும்படி சற்று நடப்பதும் இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போடுவதும் பலருக்கு உதவுகின்றன. "இதுதான் வீடு" என்று வாதாடுவதைவிட, "அங்க யாரும்மா காத்துட்டிருக்காங்க?" என்று கேட்டு உட்கார்ந்துவிடுவது மேல். "வீடு" என்று அவர் சொல்வது பல நேரம் பயமில்லாத ஓர் இடத்தைத்தான்.

ஓரிரு நாளில் திடீரென்று நிலை மோசமானால் அது பெரும்பாலும் மறதி நோயின் வேகம் அல்ல. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, நீர் வறட்சி, புதிதாகச் சேர்த்த மருந்து என்று வேறு காரணம் இருக்கக்கூடும். உடனே காட்டுங்கள்.

ஆவேசத்தை அடக்கும் மனநோய் மருந்துகள் கடைசி வழி. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. லூயி பாடி வகை மறதி நோயில் அத்தகைய மருந்தான ஹாலோபெரிடால் கடுமையான தசை விறைப்பை உண்டாக்கும். அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலையில், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குத்தான் அவற்றைத் தர வேண்டும்.

ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முன் சாப்பிட்டாரா, தூங்கினாரா, கழிப்பறை போனாரா, என்ன மாத்திரை கொடுத்தோம். பத்து நாள் நோட்டைப் புரட்டிவிட்டு டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் கூடும்.