பழைய மில்லிங் மெஷின் வாங்கும் முன் டேபிளின் நடுவில் கை வையுங்கள்

பழைய மெஷின்களைப் பிரித்து ஓவர்ஹால் செய்வதுதான் என் பிழைப்பு. கோயம்புத்தூர் பக்கம் புதிதாக ஒர்க்‌ஷாப் போடுகிறவர்கள் எஃப்என்2, எம்1டிஆர் மாதிரி மாடலில் ஒரு பழைய மில்லிங் மெஷினைப் பேசி முடித்து, அட்வான்ஸும் கொடுத்த பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். "அண்ணா, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க." முந்தின நாளே கூப்பிட்டிருக்கலாம்.

புது பெயிண்ட் பளபளத்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். காலையில் போய், மோட்டார் போடும் முன் ஸ்பிண்டில் ஹெட்டில், அதாவது கட்டரைச் சுற்றும் தலைப்பகுதியில், கை வையுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள்.

டேபிளுக்கு வருவோம். வேலை முழுக்க நடுவில்தான் நடக்கும், அதனால் டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவும், அது வழுக்கிப் போகும் ஸ்லைடும் நடுவில்தான் தேயும். டேபிளைத் தாங்கும் சேடிலில் மேக்னெட்டிக் ஸ்டேண்டை ஒட்டி டயல் கேஜை டேபிளில் வைத்து, ஹேண்டிலை ஒரு பக்கம் சுற்றி, அப்புறம் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முள் நகர்வதற்குள் ஹேண்டில் எத்தனை கோடு சும்மா சுற்றுகிறது என்று எண்ணுங்கள், அதுதான் ப்ளே. இதை நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் செய்ய வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு ப்ளே இருந்தால் பெரும்பாலும் ஸ்க்ரூ ஓடும் நட்தான் போயிருக்கும், மாற்றிக்கொள்ளலாம். நடுவில் அதிகம், ஓரத்தில் கம்மி என்றால் ஸ்க்ரூவே தேய்ந்துவிட்டது. சிலர் நடுவில் ஆட்டம் தெரியாமலிருக்க ஸ்லைடின் இடைவெளியை இறுக்கும் பட்டையான ஜிப்பை முறுக்கி வைத்திருப்பார்கள், அப்போது டேபிளை ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஹேண்டில் இறுகும். அது ஸ்லைடு தேய்மானம். தேய்ந்த பரப்பைச் சமப்படுத்த பெட் கிரைண்டிங், ஸ்க்ரேப்பிங் என்று போனால் பில் சில நேரம் மெஷின் விலையையே தொட்டுவிடும்.

ஸ்பிண்டிலுக்கு லீவர் டயல் போதும். கட்டர் பிடிப்பான் உட்காரும் கூம்புத் துளையான டேப்பரைத் துணியால் நன்றாகத் துடைத்து, முள்ளை உள்ளே தொட வைத்துக் கையால் சுற்றுங்கள். 0.01 மில்லிமீட்டருக்குள் ஆடினால் எனக்குத் திருப்தி, 0.03 தாண்டினால் பேரிங்கோ டேப்பரோ போயிருக்கிறது. வெர்ட்டிகல் ஹெட் என்றால், கீழே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்பி, ஸ்பிண்டில் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

நான் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய மெஷினை, விற்றவர் ஒரே ஸ்பீடில் ஓட்டிக் காட்டினார், நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கியர் மாற்றினால் "டக், டக்" என்று அடிக்கிறது. ஒரு பல் இல்லை! அதனால் எல்லா ஸ்பீடையும், டேபிள் தானாக நகரும் எல்லா ஃபீடையும், வேகமாக நகர்த்தும் ரேபிட்டையும் போட்டுப் பாருங்கள். சத்தத்தை அமுக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுகிறவர்களும் உண்டு, டிரெயின் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தி வரும் ஆயிலை விரலில் தேய்த்தால் தேய்ந்த உலோகத் தூளின் மினுமினுப்பு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக உங்கள் கட்டரையும் ஒரு எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) துண்டையும் கொண்டுபோய் ஒரு கட் எடுங்கள். ப்ளே உள்ள மெஷினில் கட்டர் சுற்றும் திசையிலேயே துண்டை நகர்த்தும் கிளைம்ப் மில்லிங் மட்டும் வேண்டாம், கட்டர் டேபிளையே உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் டிராபார் (கட்டர் பிடிப்பானை ஸ்பிண்டிலுக்குள் இழுத்துப் பிடிக்கும் கம்பி), ஆர்பர் (கட்டரை மாட்டும் தண்டு), வைஸ் எல்லாம் இந்த விலையில் சேருமா என்று பணம் கொடுக்கும் முன் பேசிவிடுங்கள், லாரியில் ஏற்றிய பிறகு கேட்டால் "அது வேற மெஷினோடது தம்பி" என்பார்கள்.